கோடையில் பெருநகரம்: நாடகம், கலைக் கண்காட்சி, வெளி உலா – முழுமையான வழிகாட்டி

காலையில் பூங்கா, பதினொரு மணிக்கு அருங்காட்சியகம், மதியம் படகு, இரவு நாடகம். தாளில் எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாடகத்தின் இரண்டாம் பாதியில் தலை தொங்கிவிடும். ஓவியங்களில் கடைசி மூன்று அறை நினைவிலேயே நிற்காது. கோடையில் ஊர் சுற்றுபவருக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகிற சரக்கு இரண்டு: உடம்பில் நீர், மனதில் கவனம். இந்த இரண்டையும் கணக்குப் பார்த்துத்தான் அன்றைய நாளை அடுக்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கணக்கின் விவரங்கள்.

படி 1: வெயிலை வைத்து நாளை அடுக்குங்கள்

சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலை ஒட்டி. காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவதோ அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, ஏறத்தாழ மூன்று மணிக்கு மேல். தரை வாங்கிய சூட்டைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்க அவ்வளவு நேரமாகிறது. நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். தாரும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டைச் சேர்த்து வைத்து, இரவில் மெதுவாக விடும். லண்டனின் உட்பகுதி சுற்றுப்புற நாட்டுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது என்பதை வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதிவிட்டார். இன்று எல்லாப் பெருநகரங்களுக்கும் அது பொருந்தும். அதனால் 'உச்சி வெயில் போய்விட்டதே' என்று மூன்று மணிக்கு நடைக்குக் கிளம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் வரிசை இது. காலை 7 முதல் 10 வரை வெளியே. 10.30 முதல் 2 வரை உணவு, ஓய்வு, முடிந்தால் குட்டித் தூக்கம். 2.30 முதல் 4.30 வரை குளிரூட்டிய கண்காட்சி. வெளியே சூடு உச்சத்தில் இருக்கும் நேரம், உள்ளே காலைக் கூட்டம் கரைந்திருக்கும் நேரம். இரவு 7.30க்கு நாடகம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில், வெயிலை ஒட்டிய நேரங்களோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளி உலா, கண்காட்சி, நாடகம் ஆகிய இந்த மூன்றில் ஒரு நாளைக்கு இரண்டை மட்டும் எடுங்கள். மூன்றும் வேண்டும் என்று தோன்றினால் கண்காட்சியை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். நாடகத்தைக் குறைக்க வழியில்லை.

படி 2: என்ன நடக்கிறது என்று தேடிப் பிடியுங்கள்

விளம்பரப் பலகைகளில் தெரிவதெல்லாம் பெரிய அரங்குகளின் பெரிய நிகழ்ச்சிகள். அவற்றைத் தேட வேண்டியதில்லை, அவையே வந்து கண்ணில் விழும். தேட வேண்டியது சின்னவை. நாற்பதிலிருந்து நூறு பேர் வரை அமரும் சிறு அரங்குகள், நாடகப் பள்ளி மாணவர்களின் ஆண்டிறுதி நாடகம், கலைக் கல்லூரி இறுதியாண்டுப் படைப்புகளின் கண்காட்சி ஆகியவற்றின் தகவல் பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் அந்தந்த அரங்கின் சொந்தத் தளத்திலும்தான் கிடைக்கும். பிடித்த இரண்டு மூன்று அரங்குகளின் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து வைப்பது எல்லாச் செயலிகளையும்விடப் பயன் தரும்.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிரந்தரக் குழுவை வைத்திருக்கும் பல அரங்குகளின் நாடகப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூலை, ஆகஸ்டில் போய்க் கதவைத் தட்டினால் பூட்டியிருக்கும். அந்த இடைவெளியை விழாக்கள் நிரப்புகின்றன. ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, ஜூலையில் பிரான்சின் அவின்யோன், இரண்டும் 1947இல் தொடங்கியவை. எடின்பரோ விழாவுக்கு அழைப்பில்லாமலே அந்த ஆண்டு வந்து ஓரமாக நடித்த எட்டுக் குழுக்களிலிருந்துதான் 'ஃபிரிஞ்ச்' என்ற வகையே பிறந்தது. உங்கள் நகரத்தில் 'ஃபிரிஞ்ச்' என்று ஏதாவது நடந்தால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்: நாடகம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், இடைவேளை இருக்காது, ஒரு குழு மேடையைக் காலி செய்த சில நிமிடங்களில் அடுத்த குழு ஏறும். அதனால் தாமதமாக வருபவரை உள்ளே விடவே மாட்டார்கள். இரண்டு நாடகங்களுக்கு நடுவே குறைந்தது 45 நிமிடம் விடுங்கள். அரங்குகள் வெவ்வேறு தெருவில் இருந்தால் ஒரு மணி நேரம்.

அருங்காட்சியகங்களுக்கு மூன்று விவரம் போதும்: வார விடுமுறை, கடைசி அனுமதி, இரவுத் திறப்பு. பல ஊர்களில் திங்கள் விடுமுறை. பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய். கடைசி அனுமதி மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். மூடும் நேரத்துக்குக் கால் மணி முன்பிருந்தே காவலர்கள் கடைசி அறைகளிலிருந்து ஆட்களை ஓட்டத் தொடங்குவார்கள். வாரத்தில் ஒரு நாள் இரவு வரை திறந்திருக்கும் இடங்கள் கோடையில் வரம். லண்டன் நேஷனல் கேலரிக்கு அது வெள்ளிக்கிழமை, இரவு 9 வரை.

தற்காலிகக் கண்காட்சி மூன்று மாதம் நடந்தால், முதல் வாரமும் கடைசி இரண்டு வாரமும் நெரியும். நடுவில் ஒரு வாரநாள் மதியம் போவதே சுகம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று காகிதப் படைப்புகளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நீர்வண்ணம், கோட்டோவியம், பழைய புகைப்படம் ஆகியவை வெளிச்சத்தில் மங்கும் என்பதால் சில மாதம் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் இருட்டறையில் வைத்துவிடுவார்கள்.

படி 3: காலை நடை

புற ஊதாக் கதிர் நிலவரத்தை வானிலைச் செயலியில் பாருங்கள். அந்தக் குறியீடு 3ஐத் தொட்டால் தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன் தேவை. 8ஐத் தொட்டால் நடுப்பகலில் வெளியே நிற்காதீர்கள். செயலி இல்லையா? உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பொருள். சன்ஸ்கிரீன் பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் அளவு. முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம். உடம்பு முழுக்க என்றால் 30 மில்லிக்கு மேல். வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்பு பூச வேண்டும், இரண்டு மணிக்கொரு முறை திரும்பப் பூச வேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை குடியுங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, கிறுகிறுப்பு, அளவுக்கு மீறிய வியர்வை வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி நிழலில் உட்கார்ந்து, துணியை நனைத்துக் கழுத்தில் போடுங்கள். பேச்சு குழறினாலோ புத்தி தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே ஆம்புலன்ஸ், அது வரும்வரை உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்.

சிக்னல், கூட்டம், நின்று பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் நகர நடையில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் தேறினால் அதிகம். இரண்டு மணி நேர நடைக்கு ஏழு கிலோமீட்டர் வரைந்து வைத்தால் கடைசிக் கிலோமீட்டர் வண்டியில்தான். நிழலையும் வரைபடத்திலேயே தேடலாம். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குப் பக்க நடைபாதையிலும் மாலையில் மேற்குப் பக்கத்திலும் கட்டட நிழல் விழும். கிழக்கு மேற்குத் தெருவில், நிலநடுக்கோட்டிலிருந்து நன்றாக வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களில் தெற்குப் பக்கம் நிழல். தெற்கே தள்ளியிருக்கும் ஊர்களில் வடக்குப் பக்கம். படகு ஏறினால் மேல்தளத்தில் கூரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். காற்று வீசுவதால் சுடுவது தெரியாது, இறங்கும்போது தோள் சிவந்திருக்கும்.

படி 4: கண்காட்சிக்குள்

முதலில் பை. பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். திரும்பும்போது பின்னாலிருக்கும் சிற்பத்தில் முதுகுப்பை இடிப்பதுதான் காரணம், உங்கள் மேல் சந்தேகம் இல்லை. நீளக் குடை, செல்ஃபி குச்சி, பேனா ஆகியவையும் பல இடங்களில் கூடாது. குறிப்பெடுக்கப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். சில லாக்கர்கள் நாணயம் கேட்கும். ஒன்றிரண்டு சில்லறை இருக்கட்டும்.

உள்ளே குளிரும். ஓவியத் துணியும் மரச்சட்டமும் விரிந்து சுருங்காமல் இருக்க, வெப்பத்தை 20 டிகிரியை ஒட்டியும் காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 50 சதவீதத்திலும் வைத்திருப்பார்கள். வியர்த்த உடையோடு நேரே நுழைந்தால் அரை மணியில் நடுங்குவீர்கள். வரவேற்புக் கூடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து வியர்வை ஆறிய பிறகு போங்கள். மெல்லிய சால்வை ஒன்று போதும்.

சில அறைகள் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கின்றன என்று பலர் சலித்துக்கொள்வார்கள். காகிதம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு 50 லக்ஸ் இருட்டு மாதிரிதான் தெரியும். இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள், கோடுகள் தாமாக எழுந்து வரும்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே 'அருங்காட்சியகச் சோர்வு' பற்றிக் கட்டுரை எழுதினார். தாழ்வான கண்ணாடிப் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்க்க மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படங்களோடு காட்டினார். நின்று நின்று நகரும் நடை சாதாரண நடையைவிடக் காலை அதிகம் நோகடிக்கும். ஆகவே நாற்பது நிமிடத்துக்கொரு முறை பெஞ்சில் உட்காருங்கள், அதுவும் நல்ல படத்துக்கு எதிரில் உள்ள பெஞ்சில்.

எல்லாரும் முதல் அறையில் ஒவ்வொரு அட்டையையும் வரிவிடாமல் வாசிப்பார்கள். அங்கே நெரிசல், கடைசி அறைக்கு வரும்போது ஓட்டம். இதைத் தலைகீழாகச் செய்யலாம். முதலில் பதினைந்து நிமிடம் எங்கும் நிற்காமல் கடைசி அறைவரை நடந்துவிடுங்கள். கால் தானாக நின்ற படங்கள் ஏழெட்டை மனதில் குறித்துக்கொண்டு திரும்பி வந்து, அவற்றோடு மட்டும் நேரம் செலவிடுங்கள். ஒருவழிப் பாதையா என்று வாசலில் உள்ள காவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சில கண்காட்சிகளில் திரும்பி நடக்க விடமாட்டார்கள். முன்னூறு படத்தைக் கடந்து போவதைவிட எட்டுப் படத்தை உண்மையாகப் பார்ப்பது மேல் என்பது எங்கள் கட்சி. டிக்கெட் காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பவர்கள் மறு கட்சியில் இருக்கலாம்.

ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது? அட்டையைப் படிக்காமல் ஒரு நிமிடம். படத்தின் மூலைவிட்ட நீளம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்றால் முழுப் படமும் கண்ணுக்குள் அடங்கும். பிறகு அனுமதிக்கோடு வரை நெருங்கித் தூரிகைத் தடத்தைப் பாருங்கள். அதன்பின் பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் வண்ணத்தின் மேடுபள்ளம் தெரியும், கண்ணாடியில் விளக்கு பளிச்சிடுவதும் விலகும். அட்டை கடைசியில். லூவ்ரில் இருக்கும் மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம்தான், தடுப்புக்கு வெளியே கூட்டத்தின் பின்னால் நின்றால் தபால்தலை போலத்தான் தெரியும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே அறையில் எதிர்ச்சுவரை நிறைத்துக்கொண்டு இத்தாலிய ஓவியர் வெரோனீஸின் 'கானா ஊர்த் திருமணம்' தொங்குகிறது, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சிற்பத்தைச் சுற்றி வாருங்கள். பின்பக்கத்தில்தான் சிற்பி அவசரப்பட்டாரா என்பது தெரியும். காணொளிப் படைப்பு என்றால் அட்டையில் நேர அளவைப் பாருங்கள். ஆறு நிமிடம் என்றால் உட்காரலாம், எண்பது நிமிடம் என்றால் யோசிக்கலாம்.

விற்பனைக் கூடங்கள் தனி வகை. நுழைவுக் கட்டணம் இருக்காது, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தயங்காமல் போகலாம். சுவரில் விலை எழுதியிருக்காது. மேசையில் உள்ளவரிடம் கேட்டால் விலைப்பட்டியல் தருவார். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. திறப்பு விழா மாலை, மனிதர்களைப் பார்க்க நல்ல நாள். படங்களைப் பார்க்க வேறொரு நாள் வாருங்கள்.

படி 5: நாடக டிக்கெட்டும் இருக்கையும்

நடிகரின் முகபாவம் தெளிவாகத் தெரிய இருபது மீட்டருக்குள் இருக்க வேண்டும். இதுதான் அடிப்படை, மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

எதிரே சட்டம் போட்டது மாதிரி மேடை இருந்தால், ஐந்தாவது முதல் பத்தாவது வரிசைக்குள் நடுப்பகுதி சிறந்தது. முதல் வரிசையில் கழுத்து வலிக்கும், மேடை உயரமாக இருந்தால் நடிகரின் பாதம் தெரியாது. ஓரத்து இருக்கையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்து மேடைமூலை மறையும். பால்கனிக்கு அடியில் ஆழமாகப் போகும் வரிசைகளில் அரங்க அமைப்பின் மேல்பாதி வெட்டுப்படும், ஒலியும் அமுங்கும். டிக்கெட்டில் 'பார்வை மறையும் இருக்கை' என்று போட்டிருந்தால் எது மறைகிறது என்று கவுண்டரில் கேளுங்கள். கைப்பிடிக் கம்பி என்றால் பரவாயில்லை, தூண் என்றால் விட்டுவிடுங்கள். நடனத்துக்கு மட்டும் விதி மாறும். ஆட்டத்தின் வடிவம் தரையில் வரையப்படுவதால் முதல் பால்கனியின் முன்வரிசை மேல். மூன்று பக்கமும் பார்வையாளர் சூழ்ந்த மேடையில் நடுத்தொகுதியை எடுங்கள். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரி ஓடும் நாடகத்தில் முதல் நான்கு வரிசை வேண்டவே வேண்டாம். வாசிக்க அண்ணாந்தால் நடிப்பு போகும், நடிப்பைப் பார்த்தால் வரி போகும்.

செலவைக் குறைக்கச் சில வழிகள். முறையான தொடக்க நாளுக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகள் மலிவாக இருக்கும். காட்சிகள் இன்னும் மாறிக்கொண்டிருக்கலாம், அதுவே ஒரு சுவை. வாரநாள் மதியக் காட்சி, அன்றைய தினம் காலையில் விற்கும் மிச்ச டிக்கெட், தொடங்க ஒரு மணி நேரம் முன்பு வரும் திருப்பிய டிக்கெட் ஆகியவையும் உண்டு. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் அன்றைய டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்கும் கவுண்டர் இயங்குகிறது. லண்டனில் 1997இல் திறக்கப்பட்ட ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கின் முற்றத்தில் ஏறத்தாழ 700 பேர் நின்று பார்க்கலாம், இருப்பதிலேயே குறைந்த கட்டணம். ஆனால் உட்காரக் கூடாது, மழை வந்தால் குடை விரிக்கக் கூடாது. மூன்று மணி நேரம் நிற்க உங்கள் முழங்கால் ஒப்புக்கொள்கிறதா என்று அதனிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் அரங்கின் சொந்தக் கவுண்டரிலோ தளத்திலோ வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் அதே இருக்கை கூடுதல் விலைக்கு முதலில் வந்து நிற்கும்.

டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடைவேளையோடு சேர்த்து மொத்த நேரம், வீட்டுக்குப் போகும் கடைசி ரயில். இடையே அரை மணியாவது இல்லையென்றால் கடைசிக் காட்சி முழுக்கக் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள்.

காது மந்தமானவர்களுக்குப் பல அரங்குகளில் தூண்டல் வளையம் இருக்கிறது. செவிக்கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் மேடை ஒலி நேரே வரும். எழுத்துவரி ஓடும் காட்சி, சைகைமொழிக் காட்சி, பார்வையற்றோருக்கான விவரிப்புக் காட்சி, சத்தமும் நடமாட்டமும் அனுமதிக்கும் தளர்வுக் காட்சி என்று தனித்தனி நாட்கள் ஒதுக்குவார்கள். சின்னக் குழந்தை இருந்தால் இந்தக் கடைசி வகையைத் தேடுங்கள்.

படி 6: நாடக இரவு

அரை மணி முன்பே போய்விடுங்கள். தாமதமானால் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்துவார்கள், அது இருபது நிமிடமும் ஆகலாம். இடைவேளை இல்லாத தொண்ணூறு நிமிட நாடகமென்றால் வெளியே போனவரைத் திரும்ப விடாத அரங்குகளும் உண்டு. கழிப்பறை வேலையை முன்பே முடியுங்கள். இடைவேளையில் கீழ்த்தளக் கழிப்பறை வரிசையில் நிற்காமல் மேல்தளத்துக்கு ஏறுங்கள், அங்கே கூட்டம் குறைவு. தொலைபேசியை அணைத்தால் போதாது, மணிக்கட்டுக் கடிகாரத்தையும் அணையுங்கள்; கையை உயர்த்தும்போதெல்லாம் மின்னி, பின்வரிசையில் உள்ளவரை வதைப்பது அதுதான். இருமல் மிட்டாய் என்றால் உறையை முன்பே பிரித்து வையுங்கள். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும்.

படி 7: திறந்தவெளி அரங்கு

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் டெலகோர்ட் அரங்கில் 1962 முதல் கோடையில் இலவச நாடகம் நடக்கிறது. இதே பாணியில் பல நகரப் பூங்காக்களில் உண்டு. இலவசம் என்றால் விலை வரிசையில் நிற்பதுதான். தண்ணீர், தொப்பி, ஒரு புத்தகம் இல்லாமல் போகாதீர்கள்.

இடம் பிடிக்கும்போது சூரியன் எங்கே இறங்கும் என்று பாருங்கள். மேடைக்குப் பின்னால் இறங்கினால் முதல் ஒரு மணி நேரம் கண் கூசும். காற்று மேடையிலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கத்தில் உட்கார்ந்தால் வசனம் தெளிவாகக் கேட்கும். ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் வேண்டாம். தரை ஈரத்தை இழுக்காத, அடியில் பிளாஸ்டிக் பூசிய விரிப்பு வேண்டும். பருத்தி விரிப்பு பனி இறங்கியதும் நனைந்துவிடும். நாற்காலி கொண்டுபோனால் குட்டைக்கால் நாற்காலி. உயரமானதைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். விளக்குக் கம்பத்தை விட்டு விலகி உட்காருங்கள், பூச்சியெல்லாம் அங்கேதான் கூடும். இருட்டிய பின் புல்வெளி குளிரும், மதியம் கண்காட்சிக்கு எடுத்துப்போன சால்வை இங்கேயும் உதவும்.

மழை விதியை முன்பே படியுங்கள். பாதி நாடகம் நடந்த பிறகு நின்றால் பல இடங்களில் பணம் திரும்பாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் யாரும் சொல்வதற்குக் காத்திராமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். மரத்தடி கூடவே கூடாது.

நாடகம் பிடிக்கவில்லையென்றால்? நடுவில் எழுந்தால் வரிசையே எழ வேண்டியிருக்கும். இடைவேளை வரை பொறுத்து, பாதுகாப்பறையில் கொடுத்த பையை மறக்காமல் வாங்கிக்கொண்டு, கூட்டமில்லாத ரயிலில் கிளம்புங்கள்.